எலிக்குத் தெரிந்ததை எலி சொல்லும்

வாம்பயர் பாத்திரங்கள் விலங்குகளோடு பேசுவது பற்றி இத்தனை கடிதங்கள் ஒரே மாதத்தில் வந்து குவியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆடுகிறவர்கள் எழுதியவை. 1991-ல் வந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி வாம்பயராகக் கதை ஆடும் விளையாட்டு அது. எழுதியவர்களில் பாதிப் பேர் 2011-ல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பும், மீதிப் பேர் 2018-ல் வந்த ஐந்தாம் பதிப்பும் வைத்து ஆடுகிறார்கள். இரண்டிலும் இந்தத் திறனுக்கு அனிமலிசம் என்றுதான் பெயர். கேங்க்ரல், நோஸ்ஃபெராட்டு, ட்ஸிமிஸி, ராவ்னோஸ் என்ற வாம்பயர் குலத்தாருக்கு இது பிறப்பிலேயே கைவந்தது.

நான் பகலில் விலங்கு மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தத் திறன்மேல் எனக்குத் தனிப் பாசம். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் நோஸ்ஃபெராட்டு ஆடுகிறேன். கொலை நடந்த ஒரு கிடங்கில் எலி ஒன்றைப் பிடித்து, "நேற்று ராத்திரி இங்கே யார் வந்தார்கள்?" என்று கேட்டேன். கதையை நடத்துகிற ஸ்டோரிடெல்லர், "பெரிய கால்கள் வந்தன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். புள்ளி கொடுத்து வாங்கிய திறன் இப்படி வீணாகலாமா?

பதில்: உங்கள் ஸ்டோரிடெல்லர் சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார் தம்பி. அதற்கு மேல் நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கேதான் பேச்சு அறுந்துவிட்டது.

எலியிடம் "யார்" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அதற்குத் தூரத்தில் இருப்பது எல்லாமே மங்கல். சிவப்பு நிறம் ஏறக்குறைய தெரியவே தெரியாது. முகம் என்பது அதன் கணக்கிலேயே கிடையாது. அது வாழ்வது மூக்காலும் மீசை மயிராலும் காதாலும். நமக்குக் கேட்காத உயரத்தில், 22 கிலோஹெர்ட்ஸ் வாக்கில், ஆபத்து என்று கூவித் தன் கூட்டத்தை எச்சரிக்கும். திறந்த தரையில் நடக்க அஞ்சி, சுவரை ஒட்டியே ஓடும். தினமும் போகிற வழியில் புதிதாக ஒரு பொருள் கிடந்தால் அதைத் தொடுவதற்கே பல இரவு தயங்கும். எலிப்பொறி வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குணம் இது. துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி வேறு யார்? கேட்கிற விதம்தான் வேறாக இருக்க வேண்டும்.

என் மேசையில் இதே மாதிரி ஒரு காட்சி வந்தது. பேச்சு இப்படிப் போயிற்று:

"இங்கே என்ன வந்தது?"

"கனம். தரை அதிர்ந்தது. ஒன்று சரியாக மிதித்தது. இன்னொன்று இழுத்து இழுத்து மிதித்தது."

"இழுத்து மிதித்தது என்ன வாசனை?"

"எண்ணெய். இரும்பு. வாய்க்குள் அழுகல். பயம் இல்லை. சரியாக மிதித்ததுக்குப் பயம் இருந்தது. ரொம்ப."

"நீ தினம் போகிற வழியில் இன்று எதுவும் மாறியிருக்கிறதா?"

"சுவரோரம் போகவில்லை. அங்கே ஒன்று இருக்கிறது. நேற்று இல்லை. யாரும் போகவில்லை."

அந்தச் சுவரோரத்தில்தான் கத்தி கிடந்தது. நொண்டுகிற ஒருவன் எதிரே மற்றவன் பயந்து நின்றதும் தெரிந்துவிட்டது. பெயர் கிடைக்கவில்லை, ஆனால் தேடுவதற்கு ஒரு நடை கிடைத்தது. எலி ஒரு பொய்யும் சொல்லவில்லை, தனக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. அடுத்த முறை வாசனை, அதிர்வு, பயம், மாற்றம், சாப்பாடு, இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்டோரிடெல்லர் மறுக்க முடியாது.

கேள்வி: நான் ஸ்டோரிடெல்லர். எனக்கு நேரெதிர்த் தலைவலி. எங்கள் நோஸ்ஃபெராட்டு ஆட்டக்காரர் நகரத்து எலிகளையெல்லாம் கண்காணிப்புக் கேமராவாக ஆக்கிவிட்டார். மாதக்கணக்கில் யோசித்து எழுதிய மர்மம் இரண்டே அமர்வில் உடைந்தது. எலிகளையெல்லாம் கொன்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: கொல்லாதீர்கள். ஒருவர் ஆசைப்பட்டு எடுத்த திறனைக் கதைக்குள் விஷம் வைத்துப் பிடுங்கினால், அடுத்த பாத்திரத்தில் அவர் எதையுமே ஆசைப்பட்டு எடுக்க மாட்டார்.

முதலில் விதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இருபதாம் ஆண்டுப் பதிப்பில் முதல் நிலையான ஃபெரல் விஸ்பர்ஸ் வேலை செய்யக் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். பார்வை விலகினால் தொடர்பு அறுந்தது, மறுபடி பிடிக்க வேண்டும். சும்மா பேசுவதற்குப் பகடை வேண்டாம். ஏவுவதற்கு மேனிபுலேஷன் (பிறரைத் தன் வழிக்குக் கொண்டுவரும் திறமை), அனிமல் கென் (விலங்குகளைப் புரிந்துகொள்ளும் அறிவு) இரண்டையும் சேர்த்து உருட்ட வேண்டும். வேட்டையாடும் பாலூட்டிக்குக் கடினம் (ஒரு பகடை வெற்றியாக எட்ட வேண்டிய எண்) 6. மற்ற பாலூட்டிக்கும் வேட்டைப் பறவைக்கும் 7. பிற பறவை, ஊர்வனவற்றுக்கு 8. ஒரு வெற்றி கிடைத்தால் பூனை ஒருவனைப் பின்தொடர்ந்து போய், பிறகு வந்து இடத்தைக் காட்டும். மூன்று கிடைத்தால் ஓர் அண்டங்காக்கை வாரக்கணக்கில் உளவு பார்க்கும். இதெல்லாம் ஒரு விலங்குக்கு, ஒரு தடவைக்கு. இரண்டாம் நிலையான பெக்கனிங்கில் குரல் கொடுத்துக் கூட்டமாக வரவழைக்கலாம். அதுவும் ஓர் அழைப்புக்கு ஓர் இனம் மட்டும்தான், அழைப்புக் காதில் விழுந்தவை மட்டும்தான், அவற்றிலும் எத்தனை வரும் என்பது வெற்றிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வந்த கூட்டத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்ணைப் பார்த்துத்தான் விசாரிக்க வேண்டும். நூறு எலியிடம் வாக்குமூலம் வாங்கினால் விடிந்துவிடும். இரவு நேரத்துக்கு விலை உண்டு என்பதை ஆட்டக்காரர் உணர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. எலிக்கு ரகசியம் என்றால் என்னவென்று தெரியாது. உங்கள் ஆட்டக்காரரிடம் சொன்னதை அது வேறு எந்த நோஸ்ஃபெராட்டு கண்ணைப் பார்த்துக் கேட்டாலும் அப்படியே சொல்லும். "இதைப் பற்றி முன்பு யாராவது கேட்டார்களா?" என்றால், கேட்டவரின் வாசனையையும் சேர்த்துச் சொல்லும். ஒரே நகரத்தில் அந்தக் குலத்தார் பலர் சாக்கடைக்குள் வாழ்கிறார்கள், தகவல் விற்றுத்தான் பிழைக்கிறார்கள். ஒரு நாள் இரவு அவர்களில் மூத்தவர் ஒருவர் வந்து, "என் எலிகளிடம் நீ என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியும், ஏன் கேட்டாய் என்று நீயே சொல்" என்று உட்காரட்டும். திறனைப் பிடுங்காமலேயே கதை சூடு பிடிக்கும்.

மர்மத்தை எழுதும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். எங்கே, எப்போது, எத்தனை பேர், எந்த வழியாக என்பதையெல்லாம் விலங்குகள் சொல்லிவிடும். அவற்றை மறைத்து வைத்துக் கட்டிய மர்மம் இந்த ஆட்டக்காரரிடம் நிற்காது. ஏன் செய்தான், யார் சொல்லிச் செய்தான், செய்தவனுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதில் மர்மத்தை வையுங்கள். அதைச் சொல்ல எந்த எலியாலும் முடியாது.

கேள்வி: பகலில் நடந்தது தெரிய வேண்டும். வாம்பயர் பகலில் வெளியே வர முடியாது. காகத்திடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அனிமலிசத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான். காகம் கண்டது முழுக்க வெயில் உலகம். உங்கள் பாத்திரம் இழந்துவிட்ட உலகம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரு சில வழிகளே உண்டு, அதில் ஒன்று இந்தப் பறவை.

காகம் எலியைப் போல இல்லை. முகம் பார்க்கும், நினைவு வைக்கும், வஞ்சம் வைக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் 2006-ல் ஆய்வாளர்கள் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும் காகங்கள் கத்திச் சூழ்ந்துகொண்டன. வருடங்கள் போகப் போக, பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன. "அந்த வீட்டுக்கு வந்தவனை மறுபடி பார்த்தால் தெரியுமா?" என்று காகத்திடம் கேளுங்கள், தெரியும் என்று சொல்லும். எலியிடம் அதைக் கேட்கவே முடியாது.

ஆனால் நீங்கள் அதைச் சந்திக்கப்போவது இரவில். அப்போது அது கூட்டத்தோடு மரத்தில் அடைந்திருக்கும். இரவில் கிளையருகே வருவதெல்லாம் அதற்கு ஆந்தைதான். எழுப்பினால் முதலில் அலறும், பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து அலறும், தெருவே விழித்துக்கொள்ளும். பயத்தை அடக்கிப் பேச வைப்பதற்கே அந்தக் காட்சியில் பாதி போகட்டும். விடிவதற்குச் சற்று முன், காகங்கள் முதல் குரல் எழுப்புகிற நேரத்தில் போகலாமே என்று ஆட்டக்காரர் ஒருவர் யோசித்தால், அவருக்குக் கடினத்தைக் குறைத்துக் கொடுங்கள். சூரியன் வர இன்னும் சில நிமிடம்தான் என்ற பதைப்பு அவருக்குப் போதும்.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும் வௌவாலோடு பேச முடியுமா? வௌவாலுக்குத்தான் கண்ணே தெரியாதே?

பதில்: வௌவாலுக்குக் கண் தெரியும். பறக்கும்போது கண்ணைப் பிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். பெக்கனிங் இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் தொங்குகிற இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை ரத்தம் மட்டுமே குடித்து வாழ்கிற வௌவால்கள் நிஜமாகவே மூன்று இனம் இருக்கின்றன. இரண்டு மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அப்போது வயிறு நிறைந்த ஒன்று, பட்டினி கிடக்கிற தோழமை வௌவாலுக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். ஜெரால்ட் வில்கின்சன் 1984-ல் இதை எழுதினார். தனக்கென்று மட்டும் வேட்டையாடும் ஒரு வாம்பயர் அந்த வௌவாலின் கண்ணைப் பார்த்து, "நீ ஏன் உன் ரத்தத்தைக் கொடுத்தாய்?" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? இந்தக் காட்சியை யாராவது ஆடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பூச்சிகளோடு?

பதில்: இருபதாம் ஆண்டுப் பதிப்பில் முடியாது. பூச்சியும் பெரும்பாலான மீனும் பேச்சுக்கு எட்டாத அளவு எளிய உயிர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் அன்லிவிங் ஹைவ் என்ற சக்தி எடுத்தால் பூச்சிக் கூட்டங்கள் வசப்படும். அதற்கு அப்ஃபஸ்கேட் என்ற மறைந்துகொள்ளும் திறனில் இரண்டு நிலை கூடவே வேண்டும்.

கேள்வி: ஐந்தாம் பதிப்புக்கு இப்போதுதான் மாறினோம். முதல் நிலையில் பேசவே முடியவில்லையே? ஃபாமுலஸ் (ரத்தத்தால் கட்டிப்போட்ட துணை விலங்கு) எடுத்தும் என் பூனை பதில் பேச மறுக்கிறது.

பதில்: அங்கே வரிசை மாறிவிட்டது. முதல் நிலையில் கிடைப்பது பாண்ட் ஃபாமுலஸ், அல்லது அருகிலுள்ள வாம்பயர்களுக்குள் இருக்கும் வெறியை, அதாவது 'மிருகத்தை', உணர்கிற சென்ஸ் த பீஸ்ட். பேசுகிற ஃபெரல் விஸ்பர்ஸ் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது. ஃபாமுலஸ் ஆக்க, மூன்று வெவ்வேறு இரவுகளில் உங்கள் ரத்தத்தை அந்த விலங்குக்கு ஊட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது "இரு", "வா" போன்ற எளிய சொல்லுக்குக் கட்டுப்படும், உங்களைத் தாக்க வருகிறவர் மேல் பாயும். இருவழிப் பேச்சு அந்தச் சக்தியில் சேராது. இரண்டாம் நிலையில் ஃபெரல் விஸ்பர்ஸ் எடுத்ததும் ஃபாமுலஸிடம் பேச ரௌஸ் செக் (பசி ஏறுகிறதா என்று பார்க்கும் பகடை) தேவையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம்.

இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சு வருவதற்கு முன்னால் ஒன்றாக வாழ்வது வந்துவிடுகிறது. நீங்கள் பூனையோடு சில அமர்வுகளைப் பேச்சில்லாமல் கழியுங்கள். அது வாலை எப்படி வைத்திருக்கிறது, எந்த விருந்தாளி வந்தால் அலமாரிமேல் ஏறுகிறது என்பதை ஸ்டோரிடெல்லர் சொல்லட்டும், நீங்கள் கவனியுங்கள். என் வேலையிடத்தில் நாங்கள் அப்படித்தான் பிழைக்கிறோம். காது பின்னால் மடங்கினாலே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை எந்தப் பூனையும் வாய்திறந்து சொல்லித் தருவதில்லை.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வாம்பயர் ஓநாயோடு பேசுமா? கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பதில்: அந்த விளையாட்டின் உயிரினக் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலை வைத்து ஆடினால் நீங்கள் தோற்றீர்கள். அதில் இருப்பது சில்ட்ரன் ஆஃப் த நைட். சூரியன் இல்லாத நேரத்தில், நாளைக்கு ஒருமுறை, 2d4 (நான்கு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டிய எண்) கூட்டம் வௌவால் அல்லது எலி வரும். வெளியிடமாக இருந்தால் அதற்குப் பதில் 3d6 ஓநாய்களை அழைக்கலாம். 1d4 சுற்றில் வந்து சேரும், ஒரு மணி நேரம் இருக்கும், ஏவினதைச் செய்யும். உரையாடல் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை.

பேச வேண்டுமென்றால் ஸ்பீக் வித் அனிமல்ஸ் என்ற முதல் நிலை மந்திரம் இருக்கிறது. பத்து நிமிடம் நிற்கும். அந்த மந்திர விளக்கத்தில் ஒரு நல்ல வரி உண்டு: விலங்கு தன் சுற்றுப்புறத்தைப் பற்றியும், கடந்த ஒரு நாளில் உணர்ந்ததைப் பற்றியும் குறைந்தபட்சம் சொல்லும். நேற்றுவரை என்பதுதான் உறுதியாகக் கிடைப்பது. எந்த விளையாட்டை ஆடினாலும் இந்த அளவுகோலைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டன்ஜன் மாஸ்டர் மனம் வைத்தால் அவருடைய வாம்பயருக்கு இந்த மந்திரத்தையும் கொடுக்கலாம். பந்தயம் அப்போதும் அவருக்குத்தான்.

கேள்வி: வாம்பயருக்கும் விலங்குக்கும் இந்தத் தொடர்பை முதலில் யார் கற்பனை செய்தது?

பதில்: முதலில் யார் என்பது நாட்டுப்புறக் கதைகளுக்குள் போகிற நீண்ட வழி. இன்று மேசைகளில் நாம் ஆடுகிற வடிவம் 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'விலிருந்து இறங்கியது. ஓநாய், எலி, ஆந்தை, வௌவால், விட்டில், நரி எல்லாம் அந்தப் பிரபுவுக்கு அடங்கும் என்று அவரை வேட்டையாடும் வான் ஹெல்சிங் பட்டியல் போடுவார். லண்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஓர் ஓநாய் கூண்டை உடைத்துக்கொண்டு ஓடும். அதைவிட எனக்குப் பிடித்த கட்டம், பாழடைந்த வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் எலிகள் திரண்டு வரும்போது வேட்டைக் குழுவில் ஒருவனான ஆர்தர் ஒரு சிறு ஊதலை ஊத, மூன்று டெரியர் நாய்கள் பாய்ந்து வருகிற கட்டம். ஒருவன் எலியை அழைக்கிறான், ஒருவன் நாயை அழைக்கிறான். ஒன்றுக்குப் பெயர் சாபம், மற்றதற்குப் பெயர் பழக்கம். எதிரியாக வருகிற வேட்டைக்காரர்களுக்கு நல்ல நாய்களைக் கொடுக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

கேள்வி: நான் ஸ்டோரிடெல்லர் அக்கா. எங்கள் மேசையில் ஒரு தோழி கேங்க்ரல் ஆடுகிறாள். அவளுடைய ஃபாமுலஸ் ஒரு வயதான நாய். போன அமர்வில் வேட்டைக்காரர்கள் அதைச் சுட்டுவிட்டார்கள். அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். மற்றவர்கள் "நாய்தானே, அடுத்ததைப் பழக்கு" என்றார்கள். விதியும் அதைத்தான் அனுமதிக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் தோழியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், விளையாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். அவள் வீட்டில் சமீபத்தில் ஒரு நாய் இறந்திருக்கலாம். அப்படியானால் இந்த மேசையில் இனி விலங்குச் சாவு வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். அதைக் கதை தொடங்குவதற்கு முன்பே கேட்டு வைப்பது எப்போதும் நல்லது. மனித சாவு ஆயிரம் கண்டாலும் கலங்காமல் ஆடுகிறவர்கள் ஒரு நாய் முனகினால் உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அவள் தொடர்ந்து ஆட விரும்பினால், இழப்பைச் சுருக்காதீர்கள். இந்த விளையாட்டின் உலகத்தில் விலங்குகள் வாம்பயரைக் கண்டால் ஒதுங்கும். குதிரை மிரளும், நாய் குரைக்கும் அல்லது ஒளியும். பிணம் நடப்பதை அவற்றின் மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட ஓர் உயிரின் பக்கத்தில் வந்து படுத்த நாய் அது. "அடுத்ததைப் பழக்கு" என்று விதி சொல்வது சக்தி தீர்ந்துபோகவில்லை என்பதற்காகத்தான்.

உங்கள் தோழி தயாராக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகலாம். மூன்று இரவு ரத்தம் கொடுத்துத்தான் அந்த நாயை அவள் பாத்திரம் தன்னோடு கட்டிப்போட்டது. ஒரு மனிதனை வாம்பயர் அடிமையாக்குவதும் அதே மூன்று முறை ரத்தத்தால்தான். அப்படியென்றால் அந்த நாய் அவளை நேசித்ததா, நேசிக்கும்படி ஆக்கப்பட்டதா? அவள் பாத்திரத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கேட்காமல் இருந்திருப்பாள். இப்போது கேட்கட்டும். பதில் எந்தப் பக்கமும் போகலாம், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்த அமர்வில் பகடை இல்லாத ஒரு காட்சி கொடுங்கள். நாயைப் புதைக்கட்டும். என் வேலையிடத்தில், இறந்த நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றி உரியவரிடம் கொடுப்பது பல நாள் என் பொறுப்பு. ஒருவர் வாங்கிய கையோடு பைக்குள் போட்டுவிடுவார். ஒருவர் அதில் ஒட்டியிருக்கிற மயிரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே நிற்பார். ஒருவர் வாங்கவே மாட்டார், நாங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருப்போம், சில வாரம் கழித்து வந்து கேட்பார். அந்தப் பட்டையை உங்கள் தோழியின் பாத்திரத்திடம் கொடுத்துவிட்டு, "என்ன செய்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். மற்ற ஆட்டக்காரர்கள் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. புது விலங்கு எப்போது, எது, வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவள் முடிவு. நீங்களாகக் குட்டி நாய் ஒன்றைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: விலங்கு பேசுவதை எப்படி நடித்துக் காட்டுவது? எனக்கு மிமிக்ரி வராது.

பதில்: குரல் மாற்ற வேண்டாம். வாக்கியத்தை மாற்றுங்கள். நாய்க்கு நீளமான மகிழ்ச்சியான வாக்கியம், நடுவே வேறு வாசனை வந்தால் பேச்சே திரும்பிவிடும். பூனை, கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் உங்களிடம் ஒன்று கேட்கும். குதிரை பக்கத்தில் என்ன அசைந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லும். எதற்கும் எண்ணிக்கை கிடையாது, கடிகாரம் கிடையாது, பெயர் கிடையாது. "நாளை" என்ற சொல்லை எந்த விலங்கின் வாயிலும் வைக்காதீர்கள். இவ்வளவு செய்தாலே மேசையில் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: நான்காம் நிலையில் விலங்கின் உடலுக்குள் புகுந்து பகலில் வெளியே போய்வரலாம் என்கிறான் நண்பன். உண்மையா? ஆபத்து உண்டா?

பதில்: உண்மை. அந்தச் சக்தியின் பெயர் சப்ஸ்யூம் த ஸ்பிரிட். இருபதாம் ஆண்டுப் பதிப்பில் கண்ணைப் பார்த்து, மேனிபுலேஷனும் அனிமல் கென்னும் சேர்த்து 8 கடினத்தில் உருட்ட வேண்டும். உங்கள் உடல் அசைவின்றிக் கிடக்கும், நீங்கள் பருந்தாகவோ நாயாகவோ வெயிலில் போகலாம். ஆனால் பகல் முழுக்க வாம்பயர் விழித்திருக்க வேண்டும், அதற்குத் தனி உருட்டல் உண்டு. தூங்கிவிட்டால் கதை முடிந்தது. எத்தனை வெற்றி விழுந்ததோ அதைப் பொறுத்துத்தான் உள்ளே இருந்தபடி வேறு சக்திகளைப் பயன்படுத்த முடியும். ஒரே ஒரு வெற்றி என்றால் எதுவும் முடியாது.

ஆபத்து இரண்டு. நீங்கள் உள்ளே இருக்கும்போதே விலங்கு செத்தால் உங்கள் உடல் டார்ப்பர் என்ற நீண்ட பிணத் தூக்கத்தில் விழும். பத்திரமாகத் திரும்பி வந்தாலும், அந்த விலங்கின் குணம் ஒட்டிக்கொண்டு வரும். அதை உதற, மொத்தம் ஏழு வில்பவர் (மனவுறுதி) புள்ளிகள் செலவாகும்வரை போராட வேண்டும். பருந்துக்குள் போய்வந்தவர், நகரத்து வாம்பயர்களின் தலைவரான பிரபுவின் சபையில் உட்கார்ந்து, பேசுகிறவரின் கழுத்து நரம்பையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே போவதற்கு முன் உடலை வெளிச்சம் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், கையில் வில்பவர் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், திரும்பி வந்த அன்றிரவு முக்கியமான சந்திப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.